தபாஸுக்காக வீட்டில் ஒரு பார்ரா

ஸ்பெயினின் கிரனாடாவில் ஒரு கிளாஸ் பியரோ ஒயினோ கேட்டால், கூடவே சின்னத் தட்டில் சாப்பிட ஏதாவது வந்துவிடும். அதுதான் தபாஸ். அதற்குத் தனிக் காசு கிடையாது. அடுத்த கிளாஸுக்கு அடுத்த தட்டு, அதில் வேறு பண்டம். அல்மெரீயா, ஹயேன், லியோன் ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. செவீயாவில் பெரும்பாலும் தபாஸுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு கடையில் ஒரு சுற்று, அடுத்த கடையில் ஒரு சுற்று என்று நின்றபடி பேசிக்கொண்டே சாப்பிட்டு நகர்வதுதான் இங்கே பலருக்குச் சனிக்கிழமை மதியம்.

என்ன தட்டு வரும் என்பதைப் பெரும்பாலும் கடைக்காரரே முடிவு செய்வார். எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் அவள் குடல் தாங்காது. பொரித்த மீன் வந்தால் அதில் மாவு. உருளைக்கிழங்கு வறுவல் வந்தால், அது மாவுப் பண்டம் பொரித்த அதே எண்ணெயில் வெந்திருக்கும். கடைசியில் அவள் முன்னால் ஆலிவ் காய் மட்டும் இருக்கும். பாதுகாப்பாகச் சமைக்கும் உணவகங்கள் ஊரில் இருக்கின்றன. ஆனால் அங்கே மேசையில் உட்கார்ந்து, அவளுக்குத் தனித்தட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கிறது. பொதுத் தட்டில் முள்கரண்டியை விட்டு எடுப்பதுதான் தபாஸின் உயிர். அது அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

அதனால் வீட்டிலேயே ஒரு நாள் தபாஸ் வைப்பது என்று முடிவானது. மேசைமேல் வைக்கும் எதிலும் குளூட்டன் இருக்கக்கூடாது. எல்லோரும் நின்றபடி சாப்பிட வேண்டும். நண்பர்கள் வந்தபின் எந்தப் பண்டத்துக்கும் நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் அடுப்பங்கரையில் நிற்கக்கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. விருந்து வைப்பவர் சமையலறையில் மாட்டிக்கொண்டால் அது நம் ஊர் விருந்தாகிவிடும், தபாஸ் ஆகாது.

முதல் வேலை பார்ரா. கடையில் சாய்ந்து நிற்கிறோமே, அந்த உயரமான நீள மேடை. உட்காரும் மேசையில் தட்டுகளைப் பரப்பிப் பார்த்தபோது ஆளுக்கொரு இடம் பிடித்து அமர்ந்துவிட்டார்கள், பேச்சு பக்கத்து நாற்காலியைத் தாண்டவில்லை. போகும் கடைகளிலெல்லாம் டேப் வைத்து அளந்தேன். பெரும்பாலும் 105 முதல் 110 செ.மீ. உயரம். என் சமையல் மேடை 90. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. ஆகவே கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய மாதிரி செய்ய வேண்டும்.

மேல்பலகைக்கு 120 × 40 செ.மீ. பைன், கனம் 2.7 செ.மீ. கடையிலேயே அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். சட்டத்துக்கு 4.5 × 4.5 செ.மீ. ரீப்பர், 240 செ.மீ. நீளத்தில் நான்கு. அறுத்த கணக்கு இது: 94 செ.மீ. கால்கள் நான்கு, 60 செ.மீ. பாதக்கட்டைகள் இரண்டு, மேலே 36 செ.மீ. குறுக்குக் கட்டைகள் இரண்டு, கீழே 27 செ.மீ. குறுக்குக் கட்டைகள் இரண்டு, நீளவாக்கில் 99 செ.மீ. கட்டைகள் இரண்டு. எல்லாம் சேர்ந்து நின்றபோது உயரம் 105.7. முழங்கையை ஊன்றினால் தோள் தூக்கவில்லை, போதும்.

பாதக்கட்டை 60 செ.மீ. இருப்பதற்குக் காரணம் உண்டு. மேல்பலகை 40 தான் என்று பாதத்தையும் 40-ஆக வைத்தால், இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்த கணமே மேடை கவிழும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதத்தில் கால் தட்டும், உண்மைதான். அதற்கு நுனிகளைச் சாய்வாகச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

கால், பாதம், குறுக்குக் கட்டை மூன்றையும் பசையும் திருகாணியும் போட்டு இரண்டு நிலையான சட்டங்களாக்கினேன். நீளக் கட்டைகளை மட்டும் 6 மி.மீ. போல்ட், விங் நட் வைத்துக் கழற்றும்படி விட்டேன். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு போல்ட், மூலைவிட்டமாக. ஒன்றே ஒன்று போட்டால் அது கீலாகி மேடை திரும்பும். நீளக் கட்டைகளில் ஒன்று பலகைக்கு அடியில், இன்னொன்று தரையிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. உயரத்தில். கீழே இருப்பது கால் வைத்துக்கொள்ள. ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்க முடிந்தால் இரண்டு மணி நேரம் இடுப்பு கேள்வி கேட்காது. பழைய பார்ராக்களின் அடியில் பித்தளைக் குழாய் ஓடுவது இதற்காகத்தான்.

பூட்டி நிறுத்திப் பார்த்தால் அகலவாக்கில் திடமாக நின்றது. நீளவாக்கில் ஆடியது. பாதி நிரம்பிய கிளாஸை வைத்து பலகையைத் தட்டினால் தளும்பல் நிற்க நேரம் பிடித்தது. போல்டை இன்னும் இறுக்கியதில் வாஷர் மரத்துக்குள் புதைந்ததுதான் மிச்சம். பெரிய வாஷர் மாற்றியும் ஆட்டம் போகவில்லை. கடைசியில் 1 × 4 செ.மீ. பட்டை ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்துக் கால்களில் மேலிருந்து கீழாகக் குறுக்கே சாய்த்துப் பூட்டினேன். உடனே நின்றுவிட்டது. மூன்று யூரோ பட்டை. அந்தப் பக்கம் நிற்பவர்கள் கால் கட்டையை எட்டுவது மட்டும் கொஞ்சம் சிரமம்.

அடுத்து எங்கே வைப்பது? சமையலறை வாசலுக்குக் குறுக்கே வைத்தால் கடை மாதிரியே இருக்கும், ஆனால் நான் உள்ளே அடைபட்டுப் போவேன். வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு முனையை முட்டக் கொடுத்து, கூடத்துக்குள் நீட்டி வைத்தேன். இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். பக்கத்துக்கு இரண்டு பேர் தாராளமாக, மூன்று பேர் தோள் உரசி. எங்கள் ஆறு பேருக்குச் சரியான அளவு. தோள் உரசுவதும் வேண்டியதுதான்.

மேற்பூச்சுக்கு முதலில் ஆளி விதை எண்ணெய் தடவினேன். நிறம் அருமையாக வந்தது. வினிகர் சொட்டு ஒன்றைச் சோதனைக்காக விட்டு வைத்தேன், மறுநாள் வெள்ளை வட்டம். நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, நீர் கலந்த வார்னிஷ் மூன்று பூச்சு கொடுத்தேன். அந்த எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் முக்கி அப்புறப்படுத்த வேண்டும்.

மேடைக்கு மொத்தம் 68 யூரோ: மேல்பலகை 24, ரீப்பர் 20, போல்ட் வகையறா 7, வார்னிஷ் 11, உப்புத்தாள் 3, அந்தப் பட்டை 3. எண்ணெய் வீட்டில் இருந்தது.

அப்புறம் சமையலறை. சீலியாக் உள்ளவருக்குச் சமைப்பதில் பாதி வேலை, சமைப்பதற்கு முன்னால். மரக்கரண்டியும் சப்பாத்திப் பலகையும் மாவை உள்ளே பிடித்து வைத்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. புது மரக்கரண்டி, புது வடிகட்டி வாங்கினேன். கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாம் பையில் கட்டிப் பால்கனிக்குப் போயின. நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று பெருங்காயத் தூள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். இட்லியும் தோசையும் அவளுக்கு ஆகும் என்று நம்பிக் கொடுப்பவர்கள், சாம்பாரில் போடும் இந்தச் சிட்டிகையை மறந்துவிடுவோம். பாக்கெட் உணவுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் ஐரோப்பாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடலாம். அந்த முத்திரையைப் பார்த்தே வாங்கினேன்.

முதல் பண்டம், வினிகரில் ஊறிய நெத்திலி. இங்கே பொக்கெரோனெஸ் என்பார்கள். நம் நெத்திலியின் குடும்பம்தான், ஆனால் விரலைவிட நீளம், சதையும் அதிகம். சான் அகுஸ்தீன் சந்தையில் கிலோ 7 யூரோவுக்கு ஒரு கிலோ வாங்கினேன். கண் பளபளப்பாக, வயிறு உடையாமல் இருக்க வேண்டும். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். கட்டைவிரலை முள்ளோடு ஒட்டி ஓட்டினால் மீன் புத்தகம் மாதிரி விரியும். வால் பக்கத்திலிருந்து முள்ளைத் தூக்கினால் முழுசாகக் கழன்றுவிடும். கத்தியே தேவையில்லை. கத்தி வைத்துச் செய்தவை எல்லாம் ஓரம் கிழிந்தன.

விரித்த மீனை ஐஸ் தண்ணீரில் போட்டு, தண்ணீரில் சிவப்பு இறங்காத வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கடைசியில் மீன் சாம்பல் நிறமாக நிற்கும். நன்றாக வடித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தோல் கீழாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு உப்புத் தூவி, வெள்ளை ஒயின் வினிகர் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து மூழ்க ஊற்றினேன். அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரத்தில் சதை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதற்கு முன் ஒரு சிறு ஈடு ராத்திரி முழுக்க ஊறியபோது சதை மாவாகி, புளிப்பு மட்டும்தான் தெரிந்தது. ஆறு மணி நேரம் என்பது இந்த அளவு மீனுக்கு. சின்ன மீனானால் நாலு போதும்.

இந்தப் பண்டத்தில் வினிகரை நம்பக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. மீனில் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகரும் உப்பும் அதைக் கொல்லும் என்று உறுதியில்லை, குளிர்தான் கொல்லும். வீட்டில் செய்பவர்கள் மைனஸ் 20 டிகிரியில் ஐந்து நாள் உறையவிட வேண்டும் என்பது ஸ்பெயின் உணவுப் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. என் ஃபிரீசரின் கதவில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தது. உள்ளே வெப்பமானி வைத்துப் பார்த்தால் மைனஸ் 14. சுவரெல்லாம் இரண்டு விரல் கனத்துக்குப் பனி, கதவு ரப்பரில் ஓர் இடத்தில் மடிப்பு. பனியை உருக்கி, ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி நீவி விட்டதும், மறுநாள் மைனஸ் 21 காட்டியது. வெப்பமானி 6 யூரோதான். அது இல்லாமல் இந்தப் பண்டத்தைச் செய்யாதீர்கள். வடித்த மீனைத் தட்டையாக ஒற்றை அடுக்கில் வைத்து, ஏழு நாள் விட்டேன். பரிமாறும் முந்தின இரவு ஃபிரிட்ஜில் இறக்கி, பொடியாக நறுக்கிய பூண்டு, பார்ஸ்லி, மூழ்க ஆலிவ் எண்ணெய். மதியம் தட்டில் எடுத்து வைப்பது மட்டும்தான் வேலை.

அடுத்தது தொர்த்தியா, உருளைக்கிழங்கு முட்டை அடை. அடியில் 24 செ.மீ. உள்ள நான்ஸ்டிக் வாணலிக்கு முட்டை 7, கிழங்கு 750 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று. வெங்காயம் போடலாமா கூடாதா என்பது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு. நான் போடும் கட்சி. வெங்காயம் இல்லாவிட்டால் ஆறிய தொர்த்தியா வறண்டு போகிறது.

கிழங்கை 3, 4 மி.மீ. வில்லைகளாக நறுக்கி, வெங்காயத்தோடு, மூழ்கும் அளவு ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் 25 நிமிடம். பொரியக்கூடாது, வேக வேண்டும்; குமிழி மெல்ல மெல்ல வந்தால் சரி. அரை லிட்டர் எண்ணெய் ஊற்றினேன், வடித்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. 2024-இல் இங்கே லிட்டர் 9 யூரோவைத் தாண்டிய எண்ணெய் இது. அப்போதிருந்து வடித்த எண்ணெயை யாரும் கொட்டுவதில்லை. வெந்த கிழங்கைச் சூடாகவே அடித்த முட்டையில் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் முட்டை தனி, கிழங்கு தனி.

திருப்புவதற்குத் தட்டு முக்கியம். விளிம்பு எழும்பாத, வாணலியைவிட நாலு செ.மீ. பெரிய தட்டு. பீட்சா வைக்கும் தட்டை எடுத்துக்கொண்டேன். ஒரு கையால் தட்டை அழுத்தி, கழுவு தொட்டிமேல் நின்று ஒரே வீச்சில் திருப்பினேன். தயங்கினால் பாதி முட்டை முழங்கையில் வழியும்.

உள்ளே குழகுழவென்று விட்டால் ருசி அதிகம் என்பார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் இது ஒரு மணி நேரம் மேடையில் இருக்கப் போகிறது. ஸ்பெயினில் உணவகங்களுக்கு உள்ள விதிப்படி, உடனே சாப்பிடாத முட்டைப் பண்டத்தின் நடுப்பகுதி 70 டிகிரியை இரண்டு விநாடியாவது தொட வேண்டும். குச்சி வெப்பமானியைக் குத்தி 71 பார்த்ததும் இறக்கினேன். சதுரமாக வெட்டி, துண்டுக்கொரு குச்சி. இதையும் நண்பர்கள் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

குரோக்கெத்தாதான் பாடாய்ப் படுத்தியது. கெட்டியான வெள்ளைச் சாஸை ஆறவைத்து, உருட்டி, முட்டையிலும் ரொட்டித் தூளிலும் புரட்டிப் பொரிப்பது. வழக்கமாகக் கோதுமை மாவு. சோள மாவை (கார்ன்ஃபிளார்) மட்டும் போட்டுச் செய்தது ஆறியபின் ஜெல்லி போல வெட்டுப்பட்டு, எண்ணெயில் வெடித்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அரிசி மாவு மட்டும் போட்டால் நாக்கில் நறநறப்பு. பாதிக்குப் பாதி சரியாக வந்தது: பால் அரை லிட்டர், வெண்ணெய் 40 கிராம், சோள மாவு 30, அரிசி மாவு 30, வதக்கிச் சுண்டிய காளான் 200. அரிசி மாவை வெண்ணெயில் மணம் வர வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 20 நிமிடம் கிளறி, சோள மாவைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கரைத்து ஊற்ற வேண்டும். முன்னாலேயே போட்டால் நீர்த்துவிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் 24 உருண்டை. முட்டை, குளூட்டன் இல்லாத ரொட்டித் தூள், மறுபடி முட்டை, மறுபடி தூள் என இரட்டைப் பூச்சு. அதன்பின் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

பொரிப்பது மட்டும் அந்த நேரத்தில்தான் முடியும். சின்ன ஆழமான பாத்திரத்தில் 180 டிகிரி, ஒரு ஈட்டுக்கு ஆறு, மூன்று நிமிடம். ஆளுக்கொன்று, மேடைக்குத் திரும்பிவிடலாம்.

கடைசிப் பண்டம் பூண்டு இறால். மண் சட்டியை முதல் முறை அடுப்பில் ஏற்றுமுன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, அடியில் பூண்டு தேய்த்தேன். நம் மண் சட்டியைப் பழக்குவது போலத்தான். எண்ணெய், சீவிய பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், உரித்த இறால் 400 கிராம். நான்கு நிமிடம். கொதிக்கக் கொதிக்க மேடைக்கு வரும்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தோம். கிரனாடாக் கடைகளின் விதியையே வீட்டுக்கும் வைத்தேன்: கிளாஸ் நிரம்பினால்தான் அடுத்த தட்டு. 20 சென்டிலிட்டர் கிளாஸ்கள். குளூட்டன் இல்லாத பியர், வெர்முத் என்ற மூலிகை ஒயின், குடிக்காதவர்களுக்கு மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு. முதல் சுற்றுக்கு ஆலிவும் உருளைக்கிழங்கு சிப்ஸும். இரண்டாவதுக்கு நெத்திலி. அதைச் சிப்ஸ் மேல் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஹயேன்காரத் தோழி சொல்லிக் கொடுத்தாள், அதன்பின் யாரும் முள்கரண்டியைத் தொடவில்லை. மூன்றாவதுக்கு தொர்த்தியா. செவீயாவில் 1670 முதல் நடக்கும் எல் ரின்கோன்சில்யோ என்ற கடையில் கணக்கைச் சாக்கட்டியால் மரப் பலகைமேலேயே எழுதுவார்கள். அதுபோலச் சுற்றுகளைப் பலகை ஓரத்தில் எழுதி வைத்தோம். வார்னிஷ் மேல் சாக்கட்டி சரியாகப் பிடிக்கவில்லை, ஈரத் துணியால் மட்டும் சுலபமாகப் போனது.

பழக்கதோஷத்தில் ஒருவர் அடுமனையிலிருந்து நீள ரொட்டி வாங்கி வந்துவிட்டார். பையைத் திறக்காமல் பால்கனிக்கு அனுப்பினோம். இறால் எண்ணெயைத் தொட்டுச் சாப்பிட, குளூட்டன் இல்லாத ரொட்டி வாங்கியிருந்தேன். கையளவு ரொட்டி 4 யூரோ. சாதாரண நீள ரொட்டி ஒன்றேகால் யூரோவுக்குள் கிடைக்கும். இந்த வித்தியாசத்தை அவள் வாழ்நாள் முழுக்கக் கொடுக்கிறாள்.

குரோக்கெத்தா வந்தபோது அவள் கை முதலில் நீண்டது. எது என்ன என்று கேட்கவில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து குரோக்கெத்தாவைப் பொதுத் தட்டில் எடுத்ததில்லை என்று பிறகு சொன்னாள். மூன்றாவது ஈட்டில் அவளே அடுப்படிக்கு வந்து பொரித்தாள், நான் வெளியே நின்றேன். நான்கரைக்கு இறால் சட்டி காலி. அதன்பின்னும் ஆறு மணிவரை யாரும் நகரவில்லை. நாற்காலிகள் பக்கத்திலேயே இருந்தும் இருவர் மட்டுமே உட்கார்ந்தார்கள், அதுவும் ஐந்து மணிக்கு மேல்.

சாப்பாடும் பானமும் சேர்த்து 74 யூரோ. கடைகளில் செய்வதுபோலவே ஆளுக்குச் சமமாகப் பொதுப் பணம் போட்டோம். 15 யூரோ வீதம் 90. மிச்சம் 16-ஐ அடுத்த முறைக்கு ஒரு டப்பாவில் போட்டு வைத்தோம்.

மாற்ற வேண்டியவை. மேல் நீளக் கட்டைக்குப் பதிலாக 15 செ.மீ. அகலப் பலகையைச் செங்குத்தாகப் பூட்டினால் குறுக்குப் பட்டையே வேண்டாம், இரண்டு பக்கமும் கால் வைக்கலாம். கைப்பை மாட்ட அடியில் கொக்கிகள்; எல்லாப் பைகளும் தரையில் காலுக்கடியில் கிடந்தன. மெல்லிய காகித நாப்கின் டப்பா இரண்டு, முனைக்கொன்று. நெத்திலி ஒரு கிலோ போதவில்லை, ஒன்றரை வேண்டும். தொர்த்தியாவை மூன்றாவது சுற்றிலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்தலாம், பசி அப்போதுதான் அதிகம். அக்டோபரில் பச்சை ஆலிவ் காய் சந்தைக்கு வரும்போது தட்டி, தினம் தண்ணீர் மாற்றிக் கசப்பை எடுத்து, உப்புநீரில் பூண்டும் பெருஞ்சீரகத் தண்டும் போட்டு நாமே ஊறவைப்பது என்று ஹயேன்காரி சொல்லியிருக்கிறாள். ஐந்து லிட்டர் கண்ணாடிச் சாடி ஒன்று வாங்கியாகிவிட்டது, டப்பாவிலிருந்த பணத்தில்.